1917-இல் காய்ச்சி 1929-இல் அடைத்த போர்பன்: திறக்கலாமா, வைக்கலாமா?

மரப்பீப்பாய் (லூயிவில், கென்டக்கி)

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது எழுதியே ஆக வேண்டிய நிலை.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 88 வயது. மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். வீட்டைக் காலி செய்ய நானும் மனைவியும் இரண்டு சனிக்கிழமை கூடமாட உதவினோம். நிலவறையில் பழைய தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு) பாட்டில். "உனக்குத்தானே இதெல்லாம் பிடிக்கும், எடுத்துக்கொள்" என்று கையில் வைத்துவிட்டார்.

ஓல்ட் கிராண்ட்-டாட் போர்பன், அதாவது சோளத்தில் காய்ச்சும் அமெரிக்க விஸ்கி. 100 புரூஃப் (50 சதவீத ஆல்கஹால்). மருத்துவத் தேவைக்கு மட்டும் என்று அச்சடித்திருக்கிறது. கார்க் மேல் ஒட்டிய பச்சை ஸ்டாம்ப் கிழியவில்லை. அதில் காய்ச்சியது 1917 வசந்தம், அடைத்தது 1929 இலையுதிர் காலம் என்று இருக்கிறது. பின்பக்கம் மருந்துக் கடைச் சீட்டு ஒட்டியிருக்கிறது: ஒரு எண், டாக்டர் பெயர், பாட்டியின் அப்பா பெயர், 1931 பிப்ரவரி தேதி. கீழே மையால் எழுதியது: "வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி, தேவைப்படும்போது."

சரக்கு மட்டம் கழுத்திலிருந்து இறங்கி தோளில் நிற்கிறது. இது நிஜம்தானா? நிஜம் என்றால் திறக்கலாமா?

ஓஹியோக்காரன்

தம்பி, முதலில் பாட்டிலை நிமிர்த்தி வை. படத்தில் படுக்க வைத்திருக்கிறாய். இது ஒயின் இல்லை. 50 சதவீத ஆல்கஹால் கார்க்கில் பட்டுக்கொண்டே இருந்தால் கார்க் அரித்துப் போகும். ஜன்னல் பக்கமும் வேண்டாம்.

அப்புறம் பாட்டிலின் அடிப்பக்கம், தோள்பக்கம் இரண்டையும் படம் எடுத்துப் போடு. கண்ணாடியில் எழுத்து வார்த்திருக்கிறதா பார்.

சந்தேகப்பேர்வழி

எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பெயரே இதற்குத்தானே வைத்திருக்கிறேன்.

ஆறு வருடம் முன்பு நானும் இப்படி ஒன்று வாங்கினேன். பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம், ரொக்கம் கொடுத்து. ஸ்டாம்ப் அழகு, லேபிள் அழகு. திறந்து முகர்ந்தபோது நம் தெருமுனைக் கடையில் விற்கிற போர்பன். பிறகு உட்கார்ந்து பார்த்தேன்: கண்ணாடியில் "இந்த பாட்டிலை மறுபடி விற்பதும் பயன்படுத்துவதும் கூட்டரசுச் சட்டப்படி குற்றம்" என்கிற வாசகம் வார்த்திருந்தது. அந்த வாசகம் 1935 முதல் 1964 வரை போட்டது. அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்ததோ 1933 டிசம்பர் 5. அதாவது பாட்டில் ஒரு காலத்தது, லேபிள் வேறு காலத்தது, சரக்கு போன மாதத்தது. விற்றவரை மறுபடி பார்க்கவே முடியவில்லை.

காலி பாட்டில்களை லேபிளோடு காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. எதற்கு வாங்குகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? எல்லோரும் அலமாரியில் வைக்கவா?

மரப்பீப்பாய்

அடிப்பக்கம் பார்த்தேன் அண்ணா. அந்த வாசகம் இல்லை. "ஒரு பைன்ட்" என்று மட்டும் வார்த்திருக்கிறது.

@சந்தேகப்பேர்வழி நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. வேறு எப்படிச் சோதிப்பது?

சந்தேகப்பேர்வழி

புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள், பத்துப் பதினைந்து டாலர் இருக்கும். அறையை இருட்டாக்கி ஸ்டாம்ப், லேபிள், மருந்துக் கடைச் சீட்டு மூன்றின் மீதும் அடியுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த காகிதத்தில் வெளுப்பாகக் காட்டுவதற்கு ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள், அது நீலமாகப் பளீரென்று மின்னும். 1929 காகிதம் மங்கலாகவே கிடக்கும்.

ஆய்வகத்துக்குப் போனால் கார்பன் சோதனையும் உண்டு. 1950-60களில் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறிவிட்டது. அதற்குப் பிறகு விளைந்த சோளத்திலும் அது இருக்கும், அந்தச் சோளத்தில் காய்ச்சிய சரக்கிலும் இருக்கும். 2018-இல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று அரிய ஸ்காட்ச் என்று சொல்லப்பட்ட 55 பாட்டில்களைச் சோதித்ததில் 21 தேறவில்லை. ஆனால் இந்த ஒரு பைன்டுக்கு அவ்வளவு செலவு செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி.

மரப்பீப்பாய்

டார்ச் வந்தது. மூன்றும் மங்கலாகவே இருக்கின்றன. பக்கத்தில் வைத்த மின்சார பில் மட்டும் டிஸ்கோ விளக்கு மாதிரி எரிந்தது.

ஓஹியோக்காரன்

அப்படியென்றால் நிம்மதியாகப் பேசலாம். எனக்கு டார்ச்சைவிட அந்த ஸ்டாம்பில் இருக்கும் இரண்டு வருடங்கள்தான் நம்பிக்கை தந்தன. விளக்கமாகவே சொல்கிறேன், நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பச்சை ஸ்டாம்ப் 1897-ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருவது. ஒரே ஆலை, ஒரே பருவம், அரசாங்கப் பூட்டு போட்ட கிடங்கில் குறைந்தது நாலு வருடம், 100 புரூஃப். ஜனவரி முதல் ஜூன் வரை வசந்தம், மிச்சம் இலையுதிர். எந்த ஆலை காய்ச்சியது என்பதையும் எழுதியாக வேண்டும். மதுவிலக்குக் காலத்தில் மூடிப்போன ஆலைகளின் சரக்கை யார் யாரோ வாங்கித் தங்கள் பெயரில் அடைத்தார்கள். ஆகவே முன் லேபிளில் இருக்கும் பெரிய பெயரை நம்பாதே, பொடி எழுத்தில் இருக்கும் ஆலைப் பெயரைப் படி.

இப்போது வருடத்துக்கு வருகிறேன். மதுவிலக்கு 1920 ஜனவரி 17-இல் அமலுக்கு வந்தது. ஆனால் அடுப்பு அதற்கு முன்பே அணைந்துவிட்டது. முதல் உலகப் போருக்காகத் தானியத்தை மிச்சப்படுத்த 1917 செப்டம்பரிலேயே குடிப்பதற்கான சாராயம் காய்ச்சுவதை நிறுத்தினார்கள். பிறகு கொஞ்ச நஞ்சம் காய்ச்சியதையும் 1921 நவம்பரில் வந்த சட்டம் நிறுத்தியது: இருப்பு தீரும்வரை புதிதாகக் காய்ச்சக் கூடாது. 1929 கடைசியில்தான் மருந்துக்கு இருப்பு போதவில்லை என்று மறுபடி அனுமதித்தார்கள். ஆகவே ஒருவன் உன்னிடம் "கென்டக்கி போர்பன், 1925-இல் காய்ச்சியது" என்று நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வா.

1917 வசந்தம் என்றால் அடுப்பு அணைவதற்கு முந்தைய கடைசி முழுப் பருவம். உன் பாட்டில் அதிலிருந்து வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. மதுவிலக்குக் கால விஸ்கி என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் மதுவிலக்குக்கு முன்பு காய்ச்சியது. மதுவிலக்கின்போதே, 1929-க்குப் பிறகு காய்ச்சியது பெரும்பாலும் தடை நீங்கிய பிறகுதான் கடைக்கு வந்தது.

மந்தைவெளி

நான் குடிப்பவன் இல்லை, வரலாறு படிக்க வந்தவன். ஒரு சந்தேகம். தடை என்றால் தடை. அப்புறம் எப்படி அரசாங்க ஸ்டாம்ப் ஒட்டி விற்றார்கள்?

எங்கள் தாத்தா, மெட்ராஸில் மதுவிலக்கின்போது உடம்புக்கென்று குடிக்க 'பர்மிட்' வைத்திருந்த ஒரு நண்பரைப் பற்றிச் சொல்வார். "அவனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பர்மிட்டுக்குத்தான் உடம்பு" என்பார். அது மாதிரியா?

டாக்டரம்மா

ஏறக்குறைய அதேதான். தடைச் சட்டத்திலேயே மருந்துக்கும் வழிபாட்டுக்கும் விலக்கு இருந்தது. ஒரு நோயாளிக்குப் பத்து நாளைக்கு ஒரு பைன்டுக்கு மேல் எழுதக் கூடாது. அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்த தனிச் சீட்டில்தான் எழுத வேண்டும். டாக்டருக்கு ஒரு கட்டணம், மருந்துக் கடைக்கு ஒரு கட்டணம். விற்க உரிமம் வைத்திருந்தவை ஆறு நிறுவனங்கள். ஓல்ட் ஃபாரஸ்டர் போர்பன் விற்ற பிரவுன்-ஃபார்மன் அதில் ஒன்று.

எங்கள் தொழிலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1917-இல் சாராயத்துக்கு மருத்துவ குணம் இல்லை என்று தீர்மானம் போட்டது. 1922-இல் டாக்டர்களிடம் கருத்துக் கேட்டபோது 51 சதவீதம் பேர் விஸ்கி தேவையான மருந்துதான் என்றார்கள். ஐந்து வருடத்தில் உடற்கூறு மாறிவிடவில்லை, என்ன மாறியது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த சீட்டு சர்ச்சிலுடையது. 1931 டிசம்பரில் நியூயார்க்கில் கார் மோதி அடிபட்டார். அவருடைய டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தில், குணமாவதற்கு மது அவசியம், முக்கியமாகச் சாப்பாட்டு வேளையில், அளவுக்கு வரம்பில்லை, குறைந்தபட்சம் 250 மில்லி என்று இருக்கிறது. உச்ச வரம்பு எழுதாமல் குறைந்தபட்சம் மட்டும் எழுதிய மருந்துச் சீட்டு என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

அந்த 'வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி'க்கு பிப்ரவரி மாதம் என்பதால் மார்புச் சளி என்று ஊகிக்கிறேன்.

மரப்பீப்பாய்

டாக்டரம்மா, பாட்டியிடம் கேட்டேன். நிமோனியா என்று வீட்டில் சொல்வார்களாம். அப்பா கடுமையான பாப்டிஸ்ட், மதுவை ஒதுக்கும் கிறிஸ்தவப் பிரிவு. டாக்டர் எழுதிக் கொடுத்தார், அம்மா போய் வாங்கி வந்தார், அப்பா வாயைத் திறக்கவே இல்லை. காசு கொடுத்து வாங்கியதை எறிய அம்மாவுக்கு மனசு வரவில்லை. அதுதான் ஸ்டாம்ப் கிழியாத ரகசியம்.

சந்தேகப்பேர்வழி

இந்தக் கதையைக் கேட்ட பிறகு என் கட்சி உறுதியாகிவிட்டது. திறக்காதீர்கள். சீட்டும் பெயரும் குடும்ப வரலாறும் சேர்ந்த முழு பாட்டில் இது. திறந்துவிட்டால் 473 மில்லி சாராயம், அவ்வளவுதான். இந்த மாதிரி பைன்ட் ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

விற்பதென்றால் கென்டக்கியில் வசதியும் இருக்கிறது. 2018 ஜனவரி முதல் உரிமம் பெற்ற கடைகள் தனியாரிடமிருந்து பழைய பாட்டில்களை வாங்கி விற்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. நீங்களாக இணையத்தில் போட்டு விற்றால்தான் வம்பு.

எடிசன்வாசி

விற்பதாவது. திறங்க சார்.

பென்சில்வேனியாவில் ஒரு பழைய மாளிகையில் சுவருக்குள் ஒன்பது பெட்டி ரை (ஒரு தானியம்) விஸ்கி கிடைத்தது, 1912 வாக்கில் காய்ச்சியது. வீட்டுக்காரர் காட்சிக்கு வைத்தார். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் 52 பாட்டில் காலி. வீட்டைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆள்தான் குடித்தார் என்று போலீஸ் வழக்குப் போட்டது. தானாக ஆவியாகிப் போயிருக்கும் என்று அவர் சொன்னாராம்! வழக்கு முடிவதற்குள் ஆள் இறந்துவிட்டார். காட்சிக்கு வைத்தவர் ஒரு சொட்டாவது குடித்தாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஓஹியோக்காரன்

எடிசன்வாசி சொல்வது கதைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் தம்பி, ஆசையோடு திறந்துவிட்டு ஏமாறாதே. நான் இந்தக் காலத்துச் சரக்கு மூன்று ருசி பார்த்திருக்கிறேன். ஒன்று அற்புதம், ஒன்று பரவாயில்லை, ஒன்று ஈரச்சாக்கைக் கரைத்துக் குடித்த மாதிரி.

காரணம் எளிது. மதுவிலக்குக்கு முன்பு பூட்டுக் கிடங்குச் சரக்கை நாலு முதல் எட்டு வருடத்தில் அடைத்து விற்றுவிடுவார்கள். அந்த வயதில் எடுக்க வேண்டும் என்றுதான் காய்ச்சுபவன் கணக்குப் போட்டான். தடை வந்ததும் பீப்பாய்கள் கிடங்கிலேயே கிடந்தன. 1922-இல் ஊர் ஊராகச் சிதறியிருந்த சரக்கைச் சில கிடங்குகளில் திரட்டச் சட்டம் போட்டார்கள், அவ்வளவு திருட்டு. எங்கள் சின்சினாட்டிக் கள்ளச்சாராய வியாபாரி ஜார்ஜ் ரீமஸ் கூட்டம் செயின்ட் லூயிஸில் ஜாக் டேனியல் விஸ்கிக் கிடங்கில் ஏறக்குறைய 900 பீப்பாய்களைக் குழாய் போட்டு உறிஞ்சி, தண்ணீரை ஊற்றி வைத்ததும் 1923-இல்தான். அதைத் தனி இழையாகவே பேசலாம், இங்கே வேண்டாம்.

ஆக, நாலு வருடச் சரக்கு பன்னிரண்டு, பதினாறு வருடம் கரித்த ஓக் மரத்தில் ஊறியது. யாரும் திட்டம் போட்டு ஊற வைக்கவில்லை. கென்டக்கி வெயிலில் பீப்பாயில் பாதி ஆவியாகிப் போயிருக்கும். மிச்சத்தில் மரம் ஏறியிருக்கும். 'அந்தக் காலத்து ருசி' என்று கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்கள் பாதி நேரம் பேசுவது இந்த மரத்தைப் பற்றி.

மீதிப் பாதி உண்மைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது பீப்பாயில் ஊற்றும்போதே வீரியம் குறைவு, 100 புரூஃப் பக்கத்தில். இப்போது 125 வரை ஊற்றலாம், 1962-இல் வரம்பை ஏற்றினார்கள். தண்ணீர் அதிகம் இருந்தால் மரத்திலிருந்து இனிப்பு வேறு மாதிரி இறங்கும். பழைய பாட்டிலில் வரும் அந்த வெண்ணெய்ப் பாகு வாசனைக்கு நான் அதைத்தான் காரணம் சொல்வேன்.

உன் சரக்கு பன்னிரண்டரை வயது. எல்லைக்கோட்டில் நிற்கிறது. நல்லதாக இருக்க வாய்ப்பு உண்டு.

மரப்பீப்பாய்

முடிவாகிவிட்டது. நான் எடுக்கவில்லை, பாட்டி எடுத்தார். "அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கும் பார்க்க வேண்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஓஹியோ அண்ணா, நூறு மைல்தானே, வாருங்கள்.

ஓஹியோக்காரன்

காலையிலேயே கிளம்புகிறேன். கார்க்கைச் சுருள் கம்பியால் தொடாதே, பொடியாகிவிடும். இரண்டு தகடு வைத்த கார்க் எடுப்பான் என்னிடம் இருக்கிறது.

மரப்பீப்பாய்

ஞாயிறு நடந்ததை எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்டாம்ப். பிளேடால் கார்க் விளிம்பை ஒட்டி நேர்க்கோடாக அறுத்தேன். கை நடுங்கியது. அண்ணா தகடு இரண்டையும் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே ஆட்டி ஆட்டி இறக்கினார். பாதி வரை ஒழுங்காக வந்தது, அப்புறம் 'பொத்'. கீழ்ப்பாதி உள்ளே விழுந்துவிட்டது. காபி வடிகட்டும் காகிதத்தை வெந்நீரில் அலசி, அதில் வடித்தோம். (வீட்டு டிகாக்ஷன் ஃபில்டரில் வடிக்கலாமே என்றேன். அண்ணா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். நாப்பது வருடக் காபி வாசனை அதில் இருக்கிறதாம்.)

நிறம்: நன்னாரி சர்பத்தைவிட ஒரு படி அடர்த்தி. ஆளுக்கு 15 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் தொடாமல் வைத்தோம். ஊற்றிய உடனே வந்த வாசனை எனக்குப் பயம் தந்தது: ரொம்ப நாள் திறக்காத பரண். பத்து நிமிடத்தில் அது கலைந்தது. அப்புறம் கருப்பட்டிப் பாகு, செர்ரி போட்ட இருமல் மருந்து, பழைய தோல் பை. என் மனைவி குடிப்பதில்லை, முகர்ந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: "நாட்டு மருந்துக் கடை." அதற்குப் பிறகு எனக்கு அதிமதுரமும் ஏலக்காயும் தவிர வேறு எதுவும் வரவில்லை.

வாயில் வைத்தபோது முதலில் இனிப்பு, எண்ணெய் மாதிரி நாக்கில் படர்ந்தது. நடுவில் மிளகுக் காரம். கடைசியில் துவர்ப்பு, கடுக்காயை மென்ற மாதிரி, கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடித்தது. அண்ணா சொன்ன மரம் இதுதான் போலிருக்கிறது. நான் குடித்த எந்த போர்பனும் இப்படி இல்லை. பிடித்ததா என்றால் பிடித்தது. தினமும் குடிப்பேனா என்றால் மாட்டேன்.

பாட்டி கிளாஸைத் தொடவில்லை. சீட்டை மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, வெந்நீர் கேட்டார். கோப்பையில் ஒரு மேசைக்கரண்டி அளந்து ஊற்றி, ஆற்றி, இரண்டு மடக்கில் குடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதற்கா அவ்வளவு அடம் பிடித்தார்" என்றார்.

டாக்டரம்மா

88 வயதில் சொன்ன அளவோடு நிறுத்திய ஒரே நோயாளி. என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஓஹியோக்காரன்

நானும் என் குறிப்பைப் பதிகிறேன், தம்பியோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. துவர்ப்பு அவன் சொன்ன அளவுக்கு இல்லை. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் அடங்கிவிட்டது, அடியிலிருந்து வறுத்த வேர்க்கடலையும் ஆரஞ்சுத் தோலும் எழுந்தன. மட்டம் தோள் வரை இறங்கியதால் காற்றுப் பட்டு மேல் வாசனை கொஞ்சம் தட்டையாகியிருக்கிறது, அது உண்மை. நான் ருசித்த நாலில் இது இரண்டாவது.

வெந்நீரில் விட்டதைப் பாட்டி ஒரு வாய் எனக்கும் கொடுத்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கிளாஸில் இருந்ததைவிட அதில் நன்றாக இருந்தது.

எடிசன்வாசி

மிச்சம் எவ்வளவு? விலாசம் அனுப்பட்டுமா?

மரப்பீப்பாய்

300 மில்லி சொச்சம். பாதி பாட்டிலில் காற்றோடு விட்டால் சீக்கிரம் போய்விடும் என்பதால், இரண்டு சின்ன பாட்டில்களில் விளிம்புவரை நிரப்பி மூடிவிட்டேன். ஒன்று பாட்டியின் மகளுக்கு. தபாலில் சாராயம் அனுப்பக் கூடாது, நேரில் வந்தால் பார்க்கலாம்.

சந்தேகப்பேர்வழி

சரி, குடித்தாயிற்று, நான் இனி ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். காலி பாட்டிலைத் தயவுசெய்து யாருக்கும் விற்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். அந்த லேபிளும் சீட்டும் அவ்வளவு சுத்தமாக இருக்கின்றன. அடியில் ஒரு துளை போட்டுவிடுங்கள்.

மரப்பீப்பாய்

பாட்டில் என்னிடம் இல்லை. அப்பா பெயர் இருக்கிறது என்று பாட்டி திருப்பி வாங்கிக்கொண்டார். துளை போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மகள் வீட்டிலிருந்து படம் அனுப்பியிருந்தார்கள். ஜன்னல் ஓரம், தண்ணீர் ஊற்றி, மணி பிளான்ட் கொடி ஒன்று சொருகி வைத்திருக்கிறார்.